தக்கைக்குக் கீழே நடப்பது

பொன்மலையிலிருந்து விடுமுறை நாளில் தூண்டிலோடு காவிரிக்கரைக்கோ உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கோ போகிறவர்களின் கண் தக்கையை விட்டு அகலாது. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை இரண்டு முறை நடுங்கும். நிற்கும். மறுபடி ஒரு நடுக்கம். புதிதாக வந்தவர் உடனே கோலைத் தூக்குவார். வெறும் முள்தான் மேலே வரும். பழகியவர் பொறுத்திருப்பார். தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடத் தொடங்கும்போதுதான் சுண்டி இழுப்பார். அவர் பொறுத்த அந்தச் சில விநாடிகளில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

கெண்டை இனத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது. பற்கள் இருப்பது தொண்டைக்குள். இரைப்பையும் இல்லை, விழுங்கியது நேராகக் குடலுக்குப் போய்விடும். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிடக்க வழியில்லாததால், அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. மேய்வதும் கடித்து அல்ல, உறிஞ்சி. வாயைத் திறந்து உட்புறத்தைச் சட்டென்று விரிக்கிறது; தண்ணீர் உள்ளே பாய்கிறது, அதோடு இரையும் போகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் வேலை.

ஆனால் உள்ளே போனதெல்லாம் உணவல்ல. ஆற்றின் அடியில் மேயும் மீனுக்கு ஒவ்வொரு வாயிலும் மணலும் சருகும் சேர்ந்துதான் வரும். அதைப் பிரிக்க அண்ணத்தில் ஒரு சதைத் திண்டு இருக்கிறது. அது முழுக்கச் சுவை மொட்டுகள். சுவை தட்டிய இடத்தில் மட்டும் திண்டு புடைத்து இரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மற்றதை மீன் வெளியே தள்ளிவிடும். கையில்லாத ஒரு பிராணி வாய்க்குள்ளேயே புடைத்துச் சலித்து எடுக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம். தக்கையின் முதல் நடுக்கங்கள் இந்தச் சோதனைதான்: மாவு உருண்டையை உறிஞ்சுகிறது, துப்புகிறது, மறுபடி உறிஞ்சுகிறது. தீர்மானித்த பிறகே வாயில் வைத்துக்கொண்டு நகர்கிறது. சின்ன முள், முள்ளை மறைக்கும் மெத்தென்ற சின்ன இரை, லேசான தக்கை ஆகிய மூன்றும் கெண்டைக்குப் பலிப்பது இதனால்தான். இழுக்கும்போது தக்கை கனத்தால், இரையில் ஏதோ சரியில்லை என்று உடனே துப்பிவிடும்.

எந்த ஆழத்தில் இரையை நிறுத்துவது என்பதை மீனின் முகமே சொல்லிவிடும். சந்தையில் பாருங்கள்: கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், அது மேல்மட்டத்து நுண்ணுயிர்களைத் தின்பது. மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அடிமண்ணைத் துழாவுவது. ரோகு இரண்டுக்கும் நடுவில். மூன்றும் கங்கைப் பக்கத்திலிருந்து நம் ஆறுகளுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை.

கெளுத்தியின் கதை வேறு. அதன் மீசை முழுக்கச் சுவை மொட்டுகள். உடம்புத் தோலிலும் பரவியிருக்கின்றன. அமெரிக்கக் கெளுத்தி வகைகளை வைத்து 1967-இல் பார்டாக், டாட், கிரிக்மர் மூவரும் வெளியிட்ட ஆய்வு, நீரோட்டமே இல்லாத இடத்திலும் சுவையை மட்டும் பின்பற்றி அவை இரையிருக்கும் இடத்தை அடைகின்றன என்று காட்டியது. மேட்டூரில் தண்ணீர் திறந்து, முக்கொம்பு தாண்டிப் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில் கெளுத்தி அதிகம் படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கரையோரப் புழுவும் பூச்சியும் அடித்து வரப்படுகின்றன. கண்ணை நம்பும் மீன்கள் திணற, மீசையை நம்புவது தின்கிறது. இருட்டிய பிறகும் அப்படியே. வாசனை தூக்கலான மண்புழுவும் கோழிக்குடலும் அதற்குத்தான்.

அதிகாலையில்தான் மீன் நன்றாக எடுக்கும் என்பார்கள். ஓடும் தண்ணீரில் பெரும்பாலும் சரி. கோடையில் காவிரி மணலாகி அங்கங்கே மடு மட்டும் தேங்கும்போது அப்படியே நம்ப முடியாது. 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். போதாக்குறைக்குப் பாசி இரவெல்லாம் அதையே சுவாசித்துத் தீர்க்கிறது. அதனால் தேங்கிய மடுவில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலைதான். மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரை தேடாது. வெயில் ஏறிப் பாசி வேலை செய்யத் தொடங்கிய பிறகு போய்ப் பாருங்கள்.

கரையில் சத்தம் போடாதே என்ற அதட்டலும் வீணல்ல. கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையையும் உட்காதையும் இணைக்கும் சின்னஞ்சிறு எலும்புத் தொடர் உண்டு. மற்ற மீன்களைவிட அவை நன்றாகக் கேட்கும். கார்ல் வான் ஃபிரிஷ் 1923-இல், பார்வையற்ற ஒரு கெளுத்தி வகை மீனைச் சீழ்க்கை ஒலிக்கு இரை தேடி வரப் பழக்கியதை எழுதினார். அவரே 1938-இல் இன்னொன்றைச் சொன்னார்: காயம்பட்ட சிறு மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் கூட்டத்தையே மிரட்டி ஓட்டுகிறது. ஒரு கெண்டை முள்ளில் கிழிந்து தப்பியபின் அந்த இடம் வெறிச்சோடுவதை நம்மவர்கள் ராசி என்பார்கள். நாலு எட்டு தள்ளிப் போய்ப் போட்டால் போதும்.

கடைசியாக விரால். செடி மறைவில் அசையாமல் நின்று, அருகே வரும் தவளையையோ குஞ்சையோ ஒரே பாய்ச்சலில் விழுங்கும் மீன். ஆனால் மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் விரால் பாய்வது பசியால் அல்ல. குஞ்சை நெருங்கும் எதையும் அது தாக்கும். முள்ளில் எதை மாட்டியிருந்தாலும் வாயால் பற்றும். அதைப் பிடிக்கத் திறமை ஒன்றும் வேண்டாம். பிடித்துவிட்டால் காவலில்லாத குஞ்சுகள் சீக்கிரமே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். நீர்ப்பரப்பில் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கொப்பளிப்பதைக் கண்டால், தயவுசெய்து தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.