வாங்கிய நூலும் வாடகை நூலும்

நூல்நிலைய அலுமாரியில் இருக்கும் நூல் அந்நிலையத்துக்கே சொந்தம். ஒருமுறை விலை கொடுத்தாற் போதும். தாள் பழுத்து உதிரும்வரை ஊராருக்கு இரவல் கொடுக்கலாம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் படிக்கும் இலத்திரனியல் நூல்களின் சங்கதியோ வேறு. இவற்றை நூல்நிலையங்கள் பெரும்பாலும் விலைக்கு வாங்குவதில்லை. அனுமதிப்பத்திரம் பெற்று, நிபந்தனைகளுக்கு அமையப் பயன்படுத்துகின்றன. சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2011 ஆம் ஆண்டில் ஹார்ப்பர்கொலின்ஸ் பதிப்பகம், இலத்திரனியல் நூலொன்றை 26 முறை இரவல் கொடுத்தபின் நூல்நிலையம் மீண்டும் பணம் செலுத்தவேண்டும் என்று விதித்தது. வாசகருக்கு இரண்டு வாரம் வீதம் கொடுத்தால், ஓராண்டில் அந்நூலின் ஆயுள் முடிந்துவிடும். 2018 இல் பெங்குயின் ரண்டம் ஹவுஸ் பதிப்பகம் ஈராண்டுத் தவணையை ஏற்படுத்தியது. காகித நூலும் தேய்ந்து கிழிவதுதானே, எழுத்தாளரும் பிழைக்கவேண்டாமா என்பது பதிப்பகத்தார் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

பெரிய பல்கலைக்கழகங்களில் இவ்வுடன்படிக்கைகளைக் கவனிக்கவெனத் தனி அலுவலர் உளர். சிறிய நூல்நிலையத்திலோ, நூலுக்கு முத்திரை குத்துபவரே உடன்படிக்கையையும் படித்துத் தீரவேண்டும். அவர் கையொப்பமிடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ஒரே வேளையில் எத்தனை பேர் படிக்கலாம்? அங்கத்தவரல்லாத ஒருவர் நேரில் வந்து படிக்க இடமுண்டா? வேறு நூல்நிலையத்துக்கு இரவல் கொடுக்கலாமா? சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் சஞ்சிகைகளை மேலும் பார்க்க முடியுமா? சொல்லாதிருந்தால் உடன்படிக்கை தானாகவே நீடிக்குமா?

இவற்றின் விடைகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. முடிவுத் தேதியைவிட, நிறுத்துவதாக அறிவிக்கவேண்டிய கடைசித் தேதியே முக்கியம். அது தவறினால் வேண்டாத சந்தாவுக்கு இன்னுமோராண்டு பணம் கட்ட நேரலாம். எத்தனை பேர் படித்தனர் என்ற கணக்கும் வேண்டும். ஆண்டுக்கு 60,000 ரூபா கட்டும் சஞ்சிகைத் தொகுதியை 300 முறை பார்த்தனர் எனக் கொள்வோம். ஒரு முறைக்கு 200 ரூபா. முப்பது முறையே பார்த்திருப்பின் 2,000 ரூபா! எதை வைப்பது, எதை விடுவது என்பதை இக்கணக்கே காட்டும்.

அலுமாரியில் ஒரு நூல் குறைந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். தவணை முடிந்து மறையும் நூலோ அதனைத் தேடி வந்த மாணவனுக்கே தெரியவரும், அதுவும் பரீட்சைக்கு முதல்நாளாக இருக்கலாம். ஆகவே நூலகர் ஒருவர் கொப்பியும் நாட்காட்டியுமாக அமர்ந்திருக்கக் கண்டால், அவரும் நமக்காக நூல்களைக் காக்கிறார் என்றே நாம் கொள்ளவேண்டும்.