திரும்பி வரும் நாளை யார் குறிப்பது?

(வானொலி மறையுரை. வாசகம்: தொடக்க நூல் 31:1-18)



அயல்நாட்டில் இருபது ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பியவர் யாக்கோபு. அவருக்குப் பேசிய கூலியை லாபான் பத்து முறை மாற்றினார். வளைகுடா நாடுகளுக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஊருக்குத் திரும்பும்படி ஆண்டவர் சொன்ன பிறகும் யாக்கோபு தனியே முடிவெடுக்கவில்லை. லேயாவையும் ராகேலையும் மந்தை மேயும் இடத்துக்கு வரவழைத்து, நிலைமையைச் சொன்னார். அவர்கள் சம்மதித்த பிறகே ஒட்டகங்கள் புறப்பட்டன.

திரும்புவதா, தங்குவதா என்பதைச் சம்பளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். அதற்குக் குறைந்தால் அடுக்குக் கட்டிலில் தனிமைதான். சவூதியில் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. 2020இல் அது 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால்! பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினார்கள். சிலர் தாங்களும் திரும்பினார்கள்.

தங்கியவரைத் திரும்பவிடாமல் செய்வது பல நேரங்களில் நாம்தான். மாடி வீடு, தங்கையின் கல்யாணம், ஊர் மெச்சும் சீர், அதற்கு வாங்கிய கடன். "இது முடிந்ததும் வருகிறேன்" என்கிறார். முடிவதற்குள் அடுத்த செலவு நிற்கிறது. வீடு உயர உயர, வீட்டுக்காரர் வரும் நாள் தள்ளிப்போகிறது.

நம் மரக்காணத்து உப்பளங்களைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் உப்பை வாரிக் கரையேற்றி, ஓலை போட்டு மூடுகிறோம். இன்னும் ஒரு தடவை வாரலாம் என்று காத்திருந்தால், பாத்தியில் இருப்பதும் கரைந்துபோகும். சம்பாத்தியத்துக்கும் ஒரு பருவம் உண்டு.

இடம்பெயர்வதா, சொந்த மண்ணில் தங்குவதா என்பதை மனிதர் சுதந்திரமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டு புலம்பெயர்ந்தோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த கருத்து. திரும்பி வருவதற்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும். கடனில் இருக்கும் குடும்பத்தில் அது இருக்காது.

எல்லோரும் உடனே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வாரம் அவர் போனில் பேசும்போது, "எவ்வளவு அனுப்புவாய்?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு சேர்ந்தால் வருவாய்? வந்தால் என்ன தொழில் செய்வாய்?" என்று கேளுங்கள். மீதிக் கடன், படிப்புச் செலவு, தொழிலுக்கு முதல் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நாளைக் குறியுங்கள். அதுவரை புதுச் செலவு வேண்டாம்.

யாக்கோபோடு வழிநடந்த ஆண்டவர், கடல் கடந்திருக்கும் நம் பிள்ளைகளோடும் இருப்பாராக. ஆமென்.