ஓடாத டிராக்டரை ஓட வைப்பது எப்படி?

பெட்ரோல் இல்லை. புகை இல்லை. பேரிரைச்சலும் இல்லை. ஆனாலும் டிராக்டர் ஓடியது, புல்லை வெட்டியது!

அமெரிக்காவில் 1969-ம் ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஒரு மின்சார டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் "எலெக்-டிராக்." வீட்டுப் புல்வெளியில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் சிறிய வண்டி அது. பின்னாளில் உற்பத்தி நின்று விட்டது. ஆனால், சில வண்டிகள் இன்றும் ஓடுகின்றன.

வயதான வண்டி ஒரு நாள் திடீரென்று நின்று விடும். உடனே, "மோட்டார் போய் விட்டது" என்று முடிவு கட்டி, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பக்கூடாது. பல சமயம் குற்றவாளி மோட்டார் அல்ல. பாட்டரியும் கம்பி இணைப்பும்தான்!

மோதிரத்தைக் கழற்றுங்கள்!

இதில் 6 பாட்டரிகள் உண்டு. ஒவ்வொன்றும் 6 வோல்ட். மொத்தம் 36 வோல்ட்.

"36 வோல்ட்தானே, என்ன செய்யும்?" என்று நினைப்பது தவறு. பாட்டரியின் இரு முனைகளிலும் ஸ்பானர் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும், இரும்பே உருகும். மோதிரம் பட்டால் விரல் வெந்து விடும். சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். எனவே பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

ஆறில் ஒன்று

ஆறு பேர் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுகிறார்கள். ஒருவர் சோர்ந்தால் எல்லோர் வேலையும் கெடும் அல்லவா? பாட்டரிகளும் அப்படித்தான்.

நல்ல பாட்டரி முழுவதும் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு, மீட்டரில் சுமார் 6.3 வோல்ட் காட்டும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ஆறையும் தனித்தனியே பாருங்கள். மற்றவற்றைவிட மிகவும் குறைத்துக் காட்டுவதே நோயாளி!

பாட்டரி நன்றாக இருந்தால் இணைப்புகளைப் பாருங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. பாட்டரி இணைப்பைத் துண்டித்து விட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக்கூடாது. காய்ந்த பிறகு இறுக்கமாக முடுக்க வேண்டும்.

"டக்" கேட்டதா?

மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்புவது "கான்டாக்டர்" என்னும் பெரிய சுவிட்ச். வேலை செய்யும்போது "டக்" என்று ஒலிக்கும்.

ஒலி கேட்காவிட்டால் சாவி சுவிட்ச், பியூஸ், மெல்லிய கம்பிகளைச் சோதிக்க வேண்டும். ஒலி கேட்டும் வண்டி நகராவிட்டால் கான்டாக்டரின் முனைகள் தீய்ந்திருக்கலாம். கடைசியில்தான் மோட்டார். அங்கும் முதலில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் பாட்டரி, பிறகு இணைப்பு, அதன்பின் சுவிட்ச், கடைசியில் மோட்டார். ஒரு முனையைத் துடைத்தாலே ஓடக்கூடிய வண்டியைப் பழைய இரும்பாக்கலாமா?