ஒரகடம் சாலையில் கோபுரமில்லா வலை

செல்பேசிக் கோபுரமோ வைஃபை பெட்டியோ நடுவில் இல்லாமல், எட்டும் தொலைவில் உள்ள கருவிகள் நேரடியாகவும், எட்டாதவை இடையில் உள்ள கருவிகளின் வழியாகவும் செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பு ‘அட்-ஹாக்’ வலை எனப்படுகிறது. கருவிகள் அசையாமல் இருக்கும்வரை இது எளிய ஏற்பாடுதான். அவை நகரத் தொடங்கியதும், ஒரு நொடிக்கு முன் இருந்த வழி அறுந்து வேறு வழி தேட நேர்வதால், அறுந்ததை விரைந்து அறிவதே இத்துறையின் தலையாய பணியாகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய சி. சிவராம் மூர்த்தியும் பி. எஸ். மனோஜும் எழுதி 2004இல் வெளிவந்த ஆங்கிலப் பாடநூல் இச்சிக்கல்களை விரிவாக ஆராய்ந்தது.

இந்த அறிவை வாகனங்களுக்குப் பொருத்திப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி மிகவும் ஏற்ற இடம். இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய், ஒரகடத்தின் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் பகுதி அது. வாகனங்களைச் சோதிப்பதற்காக அரசு அமைத்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் உள்ளது. வாகனங்கள் தமக்குள் பேசுவதற்கென 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தும் 802.11p என்ற தரம் 2010இல் ஏற்கப்பட்டது.

இத்தரத்தில் வாகனங்கள் அனுப்பும் செய்திகள் ஏறத்தாழ 300 மீட்டர் எட்டுவதாகக் கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு வாகனங்கள் ஒன்றையொன்று நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் கடப்பதால், அவற்றின் தொடர்பு 15 நொடிகள் மட்டுமே நிலைக்கும். 2003இல் வெளியான ‘ஏஓடிவி’ என்னும் வழிகாணும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தான் இருப்பதை நொடிக்கு ஒருமுறை அண்டைக் கருவிகளுக்கு அறிவிக்க, இரண்டு நொடி அறிவிப்பு வராவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்வது இயல்பான அமைப்பு. அந்த இரண்டு நொடிகளுக்குள் மேற்சொன்ன வாகனங்கள் 80 மீட்டர் விலகிவிடும். எனவேதான் சாலைப் பாதுகாப்புச் செய்திகள் வழி தேடிக் காத்திராமல், இடத்தையும் வேகத்தையும் நொடிக்குப் பத்து முறை வரை சுற்றிலும் நேரடியாக ஒலிபரப்புகின்றன.

ஆனால் இந்தத் தொழிற்பகுதியில் வேகத்தைவிட நெரிசலே கடினமான சோதனை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கண்டெய்னர் லாரிகளும் சூழ நிற்கும் 200 வாகனங்கள், ஒவ்வொன்றும் 300 பைட் அளவுள்ள செய்தியை விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் நொடிக்குப் பத்து முறை அனுப்பினால், செய்தி ஒன்றுக்கு 0.4 மில்லிநொடி வீதம், ஒவ்வொரு நொடியிலும் 0.8 நொடி அந்த அலைவரிசை நிறைந்தே இருக்கும். எஞ்சிய இடத்தில் மோதாமல் புகுவது கடினம். மேலும், கண்டெய்னரின் உலோக உடல் அலைகளை மறைப்பதால், அதன் இருபுறமும் உள்ளவை ஒன்றையொன்று அறியாமல் ஒரே நேரத்தில் பேசி இரு செய்திகளையும் கெடுத்துவிடக்கூடும். ஐரோப்பியத் தரத்தில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: வாகனம் 4 மீட்டர் நகர்ந்தாலோ, வேகமோ திசையோ குறிப்பிட்ட அளவு மாறினாலோதான் உடனடிச் செய்தி, அசையாமல் நிற்பது நொடிக்கு ஒருமுறை சொன்னால் போதும். அலைவரிசை நிறைந்துவரும்போது அனுப்பும் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் விதியும் சேர்ந்தால், நெரிசலிலும் வலை குலையாது.

எனினும் கருவி பொருத்தாத மோட்டார் சைக்கிள்களும், சாலையைக் கடக்கும் தொழிலாளர்களும் இந்த வலைக்குத் தென்படுவதில்லை. அவர்களைக் கேமராவும் ரேடாரும் கண்டறிந்து அறிவிக்காதவரை இந்தப் பாதுகாப்பு அரைகுறையே. வேறு நாட்டுச் சாலைகளுக்கென வகுத்த எண்களை அப்படியே ஏற்காமல், கண்டெய்னர் லாரிகளும் இரு சக்கர வாகனங்களும் ஷிப்ட் நேர நெரிசலும் கொண்ட சோதனைகளை ஒரகடம் மையத்திலேயே நடத்தி, அதன் முடிவுகளைக் கொண்டே இந்தியச் சாலைகளுக்கான அளவுகளை வகுக்க வேண்டும்.