சுற்றித் திரியும் நிலம்

தொடர் – 11

சேலைக் கடைகளைப் போன வாரமே சுற்றி முடித்தாயிற்று. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவை விட்டுக் கிளம்புமுன் நடைபாதையில் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போவோம்.

நீலத் தார்ப்பாயை விரித்து அதன்மேல் வேர்களை அடுக்கியிருந்தார். துங்காட் அலி, காச்சிப் பாத்திமா, எனக்குப் பெயர் தெரியாத பட்டைகள் சில. சிறு கத்தியால் ஒரு வேரின் ஓரத்தைச் சீவி என் உள்ளங்கையில் வைத்தார். நாக்கில் பட்டதுதான் தாமதம், வேப்பங்கொழுந்து இனிப்பாகத் தோன்றும் அளவுக்குக் கசந்தது. பூ வாங்க வந்த அக்கா ஒருவர், “பாக்சிக், போலே கூராங்?” என்று பேரம் பேச, பத்து வெள்ளி எட்டானது. பேச்சுக் கொடுத்தேன். ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளில் தெமுவான் இனத்தவர். ஊர் கோலா லங்காட் பக்கம். வேர் எங்கிருந்து? “பகாங்.” ஊரைச் சுற்றி இருந்த காடு போய்விட்டதாம்.

அவர் சொன்னதை அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. கோலா லங்காட் வடக்கு வனக் காப்பு 1927-இல் அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டேருக்கு மேல். இன்று 1,000-க்கும் குறைவு. மிஞ்சியதிலும் ஏறக்குறைய முழுவதையும், 930 ஹெக்டேரை, காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் சிலாங்கூர் வனத்துறை அறிவித்தது. மேம்பாட்டுத் திட்டமாம். காட்டை ஒட்டி வாழும் ஒராங் அஸ்லி கிராமத்தார் எதிர்த்தார்கள். ஆட்சேபக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இருந்தும் 2021 ஆகஸ்ட் கடைசியில், சுமார் 536 ஹெக்டேர் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தது. பத்தே நாளில், செப்டம்பர் 8 அன்று, அந்த முடிவு ரத்து. ஒரே கையெழுத்தில் போன காடு இன்னொரு கையெழுத்தில் திரும்பியது. மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு முறையும் பேனா தெமுவான்கள் கையில் இல்லை.

ஏன் இல்லை? விடை டெங்கிலில், புக்கிட் தம்போய் கிராமத்தில் இருக்கிறது. 1990-களின் நடுவில் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 38 ஏக்கரை எடுத்துக்கொண்டு, 14 நாளில் காலி செய் என்றார்கள். வீட்டுக்கும் மரத்துக்கும் காசு கொடுத்தார்கள், மண்ணுக்கு இல்லை. மண் அரசுடையது என்பது வாதம். சாகோங் பின் தாசியும் இன்னும் ஆறு பேரும் நீதிமன்றம் போனார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்த மண் அவர்களுடையது என்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதை உறுதிசெய்தார். 2010-இல் 65 லட்சம் வெள்ளியோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வெற்றிக் கதை என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். ஆனால் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு வரம்பும் இருந்தது. குடியிருப்பு நிலம் அவர்களுடையது. உணவுக்காக அலைந்து திரிந்த காடு அதில் சேராது. ஒராங் அஸ்லி இந்த அலையும் நிலத்தைத் தானா ராயாவ் என்கிறார்கள். பிரம்பு, பிசின், வேர், பண்டான் ஓலை எல்லாம் அங்கிருந்துதான். வீட்டு வாசலும் இடுகாடும் உனக்கு, காடு எனக்கு என்றால் அது என்ன உரிமை? ஆற்றங்கரையில் மீனவனுக்குக் குடிசையைக் கொடுத்துவிட்டு ஆற்றைப் பிடுங்கியது மாதிரி.

பருவநிலை மாற்றம் பேசப்படும் இந்தக் காலத்தில் விலை கூடியிருப்பதும் அந்தத் திரியும் நிலத்துக்குத்தான். கோலா லங்காட் காடு தானா கம்புட் மேல் நிற்கிறது. விழுந்த இலையும் கிளையும் நீரில் ஊறி, மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்த கறுப்பு மண். ஈரமாக இருக்கும்வரை கரிமம் உள்ளேயே உறங்கும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மண் அமுங்கும், காயும், ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும். கிள்ளான்காரர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வறட்சி வந்தால் ஜோகான் செத்தியா எரியும், காற்றுத் தரக் குறியீட்டில் அந்தப் பெயர் மேலே ஏறும், பிள்ளைகள் இருமுவார்கள். நீரை வடிக்காமலே அந்த மண்ணில் பிழைக்கத் தெரிந்தவர்கள் தெமுவான்கள். அந்த அறிவைக் கருத்தரங்குகளில் மெச்சுகிறார்கள். நில அலுவலகத்தில் அது செல்லாது. நிலம் மாநில அரசின் அதிகாரம், ஒராங் அஸ்லி நலன் கூட்டரசின் ஜாக்கோவா துறை. ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கைகாட்டும்.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பால்மரத்துக்காகக் காடழித்த கைகளில் நம் தாத்தாக்களின் கைகளும் உண்டு. கூலிக்குச் செய்தார்கள், நிலம் துரையுடையது என்பது உண்மை. பின்னால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நாமும்தான் பட்டா இல்லாமல் லயத்தை விட்டு வெளியேறினோம். ஆனாலும் அந்தக் காட்டு மக்களைச் சக்காய் என்று இழிவாகக் கூப்பிட நமக்கும் நாக்கு கூசவில்லை. பேரம் பேசிய அக்கா வேரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனபோது, “இவங்களுக்கெல்லாம் ஊர் ஏது?” என்றார், தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வேர் விற்றவர் தார்ப்பாயைச் சுருட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. அடுத்த வாரம் கேரித் தீவு. செம்பனைக்கு நடுவே முகமூடி செதுக்கும் மா மெரி மக்களையும், பக்கத்து லயத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பாட்டியையும் பார்க்கப் போகிறோம்.