நிழற்படமும் நோயறிதலும்

சங்கரன்கோவிலைச் சார்ந்த எமது குருவிகுளத்திலே நோயுற்றவரைக் காணச் செல்வோர், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று வினவுமுன், "ஸ்கேன் எடுத்தாயிற்றா?" என்றே வினவுகின்றனர். படம் எடுத்தவுடன் பாதி நோய் தீர்ந்ததென்று எண்ணுவாரும், படம் எடுக்கச் சொல்லாத மருத்துவரைத் திறமையற்றவரென்று இகழ்வாரும் எம் ஊரில் உளர். படம் மருத்துவருக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை யாம் கற்றறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் நகரில் பேராசிரியராயிருந்த ரான்ட்ஜென் என்பார், 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஒரு புதிய கதிரைக் கண்டனர். அதன் இயல்பு இன்னதென்று விளங்காமையால், கணிதத்தில் அறியாத அளவைக் குறிக்கும் 'எக்ஸ்' என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டனர். அக்கதிர் உடலினூடே செல்லுங்கால், சுண்ணச்சத்து மிகுந்த எலும்பு அதனைப் பெரிதும் தடுக்கும். தசை சிறிது தடுக்கும். காற்று நிறைந்த நுரையீரலோ மிகச் சிறிதே தடுக்கும். ஆகவே படத்தில் எலும்பு வெண்மையாகவும், தசை சாம்பல் நிறமாகவும், நுரையீரல் கருமையாகவும் தோன்றும். படமென்று நாம் சொல்வது உண்மையில் நிழலே. படமெடுக்கும் அறையில் தாலிச்சரட்டைக் கழற்றச் சொன்னால் எம் ஊர்ப் பெண்டிர் அஞ்சித் தயங்குவர், அத்தயக்கம் இகழத்தக்கதன்று. ஆயினும் பொன்னின் நிழல் நெஞ்சின்மேல் விழுமாயின், அங்குள்ள சிறு மாசு அதனுள் மறைந்துபோம். கழற்றச் சொல்வோர் இக்காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

நுரையீரலின் மேற்பகுதியில் வெண்மாசு தோன்றினால் மருத்துவர் காசநோயை ஐயுறுவர், ஐயுறுவரேயன்றித் துணியார். நிமோனியாவும், புற்றும், ஆறிப்போன பழைய தழும்பும் அவ்வாறே தோன்றக்கூடுமாதலால், சளியைச் சோதித்த பின்னரே துணிவர். இத்துணை ஐயத்துக்கு இடமான படத்தால் பயன் என்னையெனின், 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பைக் காண்க. இருமல், காய்ச்சல் முதலியவற்றைக் கேட்டறிவதோடு நில்லாமல் நெஞ்சுப் படமும் அதில் எடுக்கப்பட்டது. படம் எடுக்கப்படாதிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளருள் 42.6 விழுக்காட்டினர் தப்பிப் போயிருப்பர். தமக்கு நோயுண்டென்று அறியாமலே அன்றாட வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர் இவர்.

கருவுற்ற பெண்டிர்க்குக் கதிரைக் கூடியவரை விலக்கி, செவிக்கெட்டாத ஒலியலையின் எதிரொலியைக் கொண்டு படம் எடுப்பர். சிசுவின் நலங்காண வந்த அப்பொறியைக் கொண்டே பெண் சிசுவைத் தெரிந்து அழித்த கொடுமையால், 1994இல் அதனைத் தடுக்கும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் மூளை, தண்டுவடம், மூட்டு முதலிய மென்பகுதிகளைத் தெளிவாய்க் காட்டும்.

நிற்க. எக்ஸ்ரே படத்தில் முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாய் விழும். இக்குறையைப் போக்கியது சி.டி. ஸ்கேன். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் கதிரைச் செலுத்தி அளந்த அளவுகளைக் கொண்டு, வாழைத்தண்டைக் குறுக்கே அரிந்தாற்போல உடலின் வெட்டுமுகத்தைக் கணிப்பொறி வரைந்து காட்டும். ஹவுன்ஸ்பீல்டு அமைத்த பொறியால் லண்டனில் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, நிழல்களினின்று உருவத்தை எளிதிற் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். பின்வந்த சி.டி. பொறிகளில் அக்கணித முறை பெரிதும் பயன்பட்டது. 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் கார்மாக்குக்கும் சென்றது. நம்மவர் பெயரை நம் மாணவரே அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றால் உடலிற் சேரும் கதிர், இயற்கையாகவே சுமார் 10 நாளில் நாம் பெறும் அளவினது. சி.டி.யிலோ அது பல பத்து மடங்காகும். கேட்டவுடன் எழுதிக்கொடாத மருத்துவரை இகழ்தல் தகாதென்பது இதனால் விளங்கும்.

ஆனால் உடனே எடுத்தே தீரவேண்டிய வேளையும் உண்டு. ஒருவர்க்கு வாய் கோணி, ஒருபக்கத்துக் கையும் காலும் விழுந்துவிட்டால், மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அன்றி, வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். புறத்தே காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அடைப்பாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். கசிவாயின் அம்மருந்தே உயிரைக் கொள்ளும். எத்துணைத் தேர்ந்த மருத்துவரும் நாடி பார்த்து இதனைத் துணிய இயலாது. சி.டி. படத்தில் கசிந்த இரத்தம் வெண்மையாய் உடனே தோன்றும். அடைப்போ முதற்சில மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிவாகத் தோன்றாது. "படத்தில் ஒன்றுமில்லையாம், காசுதான் வீண்" என்று முணுமுணுக்கும் உறவினர், கசிவு இல்லையென்று அப்படம் காட்டியதனாலேயே மருந்து செலுத்த வழி பிறந்ததென்பதை அறியார். எம் ஊரினின்று திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எண்ணெய் தேய்த்துப் பார்த்தும், விடியட்டுமென்று காத்திருந்தும் அந்த நாலரை மணி நேரத்தைத் திண்ணையிலேயே கழித்துவிடும் வீடுகள் உண்டு. 108 வண்டியை அழைப்போர், கை கால் விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு செல்வது நலம். மருத்துவர் படத்தைக் காணுமுன் முதலிற் கேட்பது அதனையே.