பட்டியலில் பெயர் உண்டா?

ஓட்டுப் போடும் நாள். ஒரு அம்மா காலையிலேயே வாக்குச்சாவடிக்குப் போகிறார். கையில் அடையாள அட்டை இருக்கிறது. வரிசையில் நின்று உள்ளே போகிறார். அலுவலர் தாளைப் புரட்டிப் பார்க்கிறார். "உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே அம்மா" என்கிறார்.

அவர் ஓட்டுப் போட முடியுமா? முடியாது. அவர் யார் என்பதைத்தான் அட்டை காட்டும். ஓட்டுப் போட வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

முதல் பட்டியல்

வெள்ளையர் ஆட்சியில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசியல் சட்டம் இதை மாற்றியது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு என்றது. 1989இல் இந்த வயது 18 ஆனது.

முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. பட்டியலில் சுமார் 17 கோடிப் பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம், ஒரு தனிப் பெட்டி. மக்கள் சின்னத்தைப் பார்த்து, அந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள்.

ஆனால் பட்டியல் எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற இடங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே சொன்னார்கள். அந்நியரிடம் பெயர் சொல்வது அங்கே வழக்கம் இல்லை.

அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று ஆணையம் முடிவு செய்தது. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது.

விதி நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. ஆனாலும் 28 லட்சம் பெண்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது.

பதரும் நெல்லும்

பட்டியலில் இரண்டு வகைத் தவறு வரலாம். இறந்தவர் பெயர் இருக்கலாம். ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கலாம். இதனால் கள்ள ஓட்டு விழ வாய்ப்பு உண்டு. இது ஒரு தவறு.

உயிரோடு இருப்பவர், தகுதி உள்ளவர், அவர் பெயர் விட்டுப்போகலாம். இது இன்னொரு தவறு.

முறத்தில் நெல்லைப் புடைக்கிறோம். பதர் போக வேண்டும். ஆனால் நெல் சிந்தக் கூடாது. பட்டியலைத் திருத்துவதும் இப்படித்தான்.

பீகாரில் நடந்தது

2025 ஜூன் மாதம் பீகாரில் பட்டியலை முழுவதும் திருத்த ஆணையம் உத்தரவிட்டது. அங்கே சுமார் 7 கோடியே 89 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். எல்லோரும் படிவம் நிரப்பித் தர வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாதவர்கள் சான்றும் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 1இல் வரைவுப் பட்டியல் வந்தது. சுமார் 65 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் என்று ஆணையம் காரணம் சொன்னது. பல ஆண்டுகளாக முழுத் திருத்தம் நடக்கவில்லை என்றும், தகுதி இல்லாதவர் ஓட்டுப் போடக் கூடாது என்றும் சொன்னது.

எதிர்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். ஏழைகளிடம் பிறப்புச் சான்று ஏது? பிழைப்புக்காக வெளி மாநிலம் போனவர் உடனே வர முடியுமா? இப்படிக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

ஆகஸ்ட் 14இல் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும். ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். செப்டம்பரில், ஆதார் அட்டையையும் அடையாளச் சான்றாக ஏற்க வேண்டும் என்றது. செப்டம்பர் 30இல் வந்த கடைசிப் பட்டியலில் சுமார் 7 கோடியே 42 லட்சம் பேர் இருந்தார்கள்.

2025 நவம்பரில் இதே வேலை மேலும் 12 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் தொடங்கியது. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று.

என்ன செய்யலாம்?

பெயர் சேர்க்கப் படிவம் 6. பிழை திருத்தவும் வீடு மாறியதைச் சொல்லவும் படிவம் 8. தவறான பெயரை நீக்கக் கேட்பதற்குப் படிவம் 7. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்கலாம். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஊரில் இல்லை, தகுதி இல்லை என்று ஒருவர் பெயரை நீக்கும் முன், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இது சட்டம். நீக்கியது தவறு என்றால் மேல்முறையீடு செய்யலாம்.

தேர்தல் நாளில் தேடிப் பயன் இல்லை. வரைவுப் பட்டியல் ஒட்டும்போதே பார்க்க வேண்டும். அன்று அந்தப் பெண்கள் பெயர் சொல்லவே தயங்கினார்கள். இன்று எழுத்துக் கற்ற பெண், சுவரில் ஒட்டிய தாளில் தன் பெயரைத் தானே தேடிப் படிக்கலாம். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் பார்த்துச் சொல்லலாம்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கிறதா?
2. உங்கள் தெருவில் இறந்தவர் பெயர் பட்டியலில் இருந்தால் என்ன செய்வீர்கள்?
3. வேலைக்காக வெளியூர் போனவர் தன் ஓட்டை இழக்காமல் இருக்க என்ன வழி?